சத்தம் போடாத கதவு

ஸ்பிரிங்குக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. முதலாளி ஒரு சொல் சொன்னால் துள்ளி எழுந்து பதில் சொல்வார் என்பதால் பட்டறையில் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அப்படித் துள்ளியதில்தான் ஒருநாள் லேத் வேலையையும் விட்டார். மனசுக்குள் ஒரு சாமான் ரொம்ப நாளாகக் குடைந்துகொண்டிருந்தது: கதவுக் கீலுக்குள்ளேயே அடங்குகிற சின்னக் குழாய். எவ்வளவு வேகமாகக் கதவைத் தள்ளுகிறோமோ, உள்ளே இருக்கும் எண்ணெய் அவ்வளவுக்கு எதிர்த்து நின்று, மெல்ல மூட வைக்கும்.

படுக்கையறைக் கதவில்தான் சோதனை. முதலில் செய்த கீல் தரையெல்லாம் எண்ணெய் கக்கியது. அடுத்தது கதவைப் பாதியில் நிறுத்திவிட்டு அடம்பிடித்தது.

“அப்பா, உங்க கதவு ஏப்பம் விடுதுப்பா,” என்றாள் கல்லூரிக்குப் போகும் மகள்.

கீல் நாலு நாள் ஒழுங்காக இருந்தால் ஸ்பிரிங் குளிக்கும்போது பாடுவார். கசிந்துவிட்டால் சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருப்பார். “என் தலைவலியை விட அந்தக் குழாயோட சளிக்குத்தான் இந்த வீட்டுல மரியாதை,” என்பாள் மனைவி. அவர் காதில் ஏறாது.

கடைசியில் ரப்பர் வளையத்தை மாற்றினார். கசிவு நின்றது. அன்று மனைவிக்குக் கண் பரிசோதனை. கூட வருவதாகச் சொல்லியிருந்தார். “நீ முன்னாடி போ, கொஞ்ச நேரம் பாத்துட்டு வந்துடறேன்,” என்றவர், கதவைத் திறப்பதும் மூடுவதுமாக அங்கேயே நின்றுவிட்டார்.

மத்தியானம் அவள் தனியாகத் திரும்பினாள். கண்ணில் மருந்து விட்டிருந்ததால் சுவரைத் தடவியபடி வந்தாள். அறைக்குள் போய், இருக்கிற பலத்தையெல்லாம் கூட்டிக் கதவை அறைந்து சாத்தினாள்.

கதவு சாவகாசமாக நகர்ந்து, பூனை மாதிரி வந்து, சத்தமில்லாமல் மூடிக்கொண்டது.

திறந்து மறுபடி அறைந்தாள். அதே நிதானம்.

“வந்துடுச்சு,” என்றார் ஸ்பிரிங். “இன்னொரு தடவை அடி. இன்னும் கொஞ்சம் பலமா.”

கதவு திறந்தது. சிவந்த கண்ணோடு நின்றாள்.

“என் கோபமும் உங்க சோதனைக்குத்தானா? கூட யாரும் வரலையாம்மான்னு டாக்டர் கேட்டாரு. வந்திருக்காரு, வெளியே வண்டி நிறுத்தறாருன்னு பொய் சொன்னேன்.”

துள்ளுகிற மனுஷன் அன்றைக்கு ஓரடி பின்னால் நகர்ந்தார்.

“முதல்ல அதைக் கழட்டுங்க. அப்புறம் பேசுங்க.”

கழற்றினார். பழைய கீலை மாட்டிவிட்டு விலகி நின்றார். பிற்பாடு அவருடைய கீல் எத்தனையோ வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தது; அந்தக் கதவுக்கு மட்டும் திரும்பி வரவில்லை.

அவள் கதவை அறைந்து சாத்தினாள். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. ஸ்பிரிங் வெளியே தரையில் உட்கார்ந்து, அந்தச் சத்தம் அடங்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தார்.

“மறுபடி எப்ப வரச் சொன்னாங்க?”

உள்ளேயிருந்து பதில் வந்தது. “அடுத்த வாரம்.”

“சரி. வண்டி நிறுத்திட்டு நானும் உள்ள வரேன்.”