நிப்பு உடைந்த பேனா

எங்கள் பக்கத்திலிருந்து போய் நீதிபதி நாற்காலியில் உட்கார்ந்த முதல் பெண் என் பெரியம்மா. அவருக்குப் பதவி உயர்வு வந்தபோது ஆலங்குடி பஸ் ஸ்டாண்டில் ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். அதில் அவரை வெளுக்க வைத்து, வீட்டாருக்கே அடையாளம் தெரியாமல் செய்திருந்தார்கள். கோடை விடுமுறைக்கு அவர் கீரமங்கலத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தால் தெருவே குரலைத் தாழ்த்திக்கொள்ளும்.

அந்த வருடம் வந்தவர் யாருடனும் பேசவில்லை. அவர் கைப்பையில் நிப்பு உடைந்த மைப்பேனா ஒன்று இருந்தது. நல்ல பேனா வீணாகக் கிடக்கிறதே என்று எனக்குப் பொறுக்கவில்லை. பத்து வயதில் நான் அப்படியொரு அதிகப்பிரசங்கி. கேட்காமல் எடுத்துப்போய்க் கடையில் புது நிப்பு மாட்டி, பள்ளி திறக்கப்போகிறதே என்று தம்பியின் நோட்டு லேபிள்களில் எல்லாம் அவன் பெயரை எழுதினேன். பெரியம்மா மெச்சுவார் என்று கொண்டுபோய்க் காட்டவும் செய்தேன்.

"எதுல எழுதுன?"

பேனாவை நீட்டினேன். அவர் முகம் செத்துப்போயிற்று. வாங்கித் தரையில் ஓங்கிக் குத்தி நிப்பை உடைத்தார். பிறகு லேபிள்களை ஒவ்வொன்றாகக் கிழித்தார்.

அம்மா என்னை அடுப்படிக்கு இழுத்துப்போய்த் தொடையில் கிள்ளினாள். "எவளோ ஒரு ஆத்தா பெத்த புள்ளைக்குத் தூக்குன்னு தீர்ப்பு எழுதிக் கையெழுத்துப் போட்ட பேனாடி அது! போட்ட கையோட நிப்ப ஒடச்சுருவாக. அதுல போயி புள்ள பேர எழுதிருக்கியே!"

மறுநாள் காலை தம்பிக்கு உடம்பு அனலாய்க் கொதித்தது. ஊசி போட்டும் இறங்கவில்லை. நான்தான் அவனைக் கொல்கிறேன் என்று நினைத்துக் கதவோரம் நின்றேன். பெரியம்மா அவனை விட்டு நகரவில்லை. உச்சி வெயிலில் தெருவில் ஒரு சத்தமில்லை. அவன் நெற்றியில் ஈரத்துணியை மாற்றியபடி அவர் மெதுவாகச் சொன்னார்:

"எந்திரிய்யா செல்வராசு. ஒன் ஆத்தா வாசல்ல வந்து நிக்குது பாரு."

திரும்பிப் பார்த்தேன். வாசலில் யாரும் இல்லை. பெரியம்மா மட்டும் அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது. எனக்கு உயிர் வந்தது. என் தம்பியின் பெயர் செல்வராசு இல்லை. பதற்றத்தில் பெரியம்மாவுக்குப் பெயர் மாறிவிட்டது என்றே நினைத்தேன். ஒரு ஜட்ஜுக்கே பெயர் மறந்துபோகிறது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிச் சிரிக்கவும் செய்தேன்.