இல்லீங்க என்று வந்த பதில்

சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வில் எனக்கு இரண்டாம் இடம். பட்டப்படிப்பிலோ தட்டுத் தடுமாறி ஐம்பது சதவீதம், நடுவில் நான்கு அரியர். இரண்டும் ஒரே ஆளுடையதுதானா என்று யாருக்கும் சந்தேகம் வரும். அந்தக் கல்லூரிக்கும் வந்தது. மதிப்பெண் குறைந்ததற்கு நேர்காணலில் சரியான காரணம் சொன்னால் இடம் தருவதைப் பற்றி யோசிப்போம் என்று கடிதம் போட்டார்கள்.

காரணம் என் கைவசம் இருந்தது. மூன்று வருடமும் வகுப்பு முடிந்ததும் பல்லடம் பஸ்ஸைப் பிடித்து, அம்மா தைக்கும் பனியன் கம்பெனிக்குப் போய் செக்கிங் மேசையில் நின்றவள் நான். ஓட்டை, கறை, விட்டுப்போன தையல் பார்ப்பது வேலை. ஷிப்மெண்ட் வாரங்களில் கல்லூரிக்கே மட்டம்.

"உள்ளத உள்ளபடி சொல்லிப்போடு கண்ணு," என்றாள் அம்மா.

பனியன் வாங்கும் வெளிநாட்டு பையர்கள், தொழிலாளர்களை விதிப்படி நடத்துகிறார்களா என்று பார்க்கக் கம்பெனிக்கு ஆடிட்டர்களை அனுப்புவார்கள். முந்தின நாளே சூப்பர்வைசர் எங்களை வரிசையாக நிறுத்தி ஒப்பிக்க வைப்பார். ஓவர்டைம் உண்டா? இல்லீங்க. படிக்கிற பிள்ளைகள் வேலைக்கு வருகிறார்களா? இல்லீங்க. யோசிக்கவே கூடாது, யோசித்தால் மாட்டிக்கொள்வோம் என்பார். இந்தப் பாடத்தில் மட்டும் நான் அரியர் வைத்ததில்லை.

நேர்காணலில் மூன்று பேர். நடுவில் இருந்த அம்மையார் ஆடிட்டர்களைப் போலவே கழுத்தில் அட்டையும் கையில் ஃபைலுமாக இருந்தார். அன்பாகத்தான் கேட்டார்: "படிக்கிறப்போ எங்கயாவது வேலைக்குப் போனீங்களாம்மா?"

"இல்லீங்க."

"வீட்டுல ஏதாவது கஷ்டம்?"

"அப்படி எதுவும் இல்லீங்க மேடம்."

அவர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். மாற்றிச் சொல்லலாம் என்று எனக்குத் தெரிந்தது. வாய் வரவில்லை. பேனாவை மூடிவிட்டு, போகலாம் என்றார். வெளியே வந்து டீ குடித்தேன். வருத்தமாகக்கூட இல்லை, மரத்துப் போயிருந்தேன்.

பத்து நாள் கழித்து வந்த பட்டியலில் என் பெயர் இல்லை. அன்று காலைதான் அம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். திட்டுவாள் என்று நின்றேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் எனக்கும் சேர்த்து டிபன் பாக்ஸில் சோறு போட்டு மூடினாள்.

"நானா இருந்தாலும் அதையத்தான் சாமி சொல்லியிருப்பேன்."

இரண்டு பேரும் கம்பெனிக்குக் கிளம்பினோம்.