யாரும் பை தராத இருக்கை

பள்ளிக்கூடத்தில் யாராவது உங்களைக் கேலி செய்தால், “கண்டுக்காதே” என்று சொல்ல ஒரு பெரியவர் வருவார். அவர் ஒருநாள்கூட எங்கள் டவுன் பஸ்ஸில் வந்திருக்க மாட்டார்.

எங்கள் ஊர் வேளாங்கண்ணிக்குத் தெற்கே, கடலோரத்தில் இருக்கிறது. பஸ் அங்கிருந்துதான் புறப்படும், அதனால் எனக்கு எப்போதும் இடம் கிடைக்கும். வயல் பக்கத்து ஊர்களில் ஏறும் பிள்ளைகள் நின்றுகொண்டு வருவார்கள். உட்கார்ந்திருப்பவர்கள் அவர்கள் பைகளை மடியில் வாங்கி வைத்துக்கொள்வது வழக்கம். கேட்கக்கூட வேண்டாம், பை வந்து விழும். ஒன்பதாம் வகுப்பில் என் மடியில் மட்டும் ஒரு பையும் விழவில்லை.

“கருவாட்டுக்கிட்ட குடுக்காதடி, நோட்டெல்லாம் நாறும்” என்றாள் என் வகுப்புக்காரி ஒருத்தி. அப்பா கடலுக்குப் போகிறவர், அம்மா மீன் விற்கிறவர். அவளுக்கு அது போதும். பஸ்ஸே சிரித்தது.

நான் செய்த முட்டாள்தனங்களையும் சொல்கிறேன். தினமும் இரண்டு தடவை சோப்புப் போட்டுத் தேய்த்தேன். பவுடரை அள்ளிக் கொட்டினேன். மீன் கூடையோடு அம்மா அதே பஸ்ஸில் ஏறிய அன்று, தெரியாதவள் மாதிரி திரும்பிக்கொண்டேன். அதை நினைத்தால் இன்றும் என்னையே அறையத் தோன்றுகிறது. எட்டு மாதம் யாரிடமும் வாயைத் திறக்காதது அதைவிடப் பெரிய முட்டாள்தனம்.

கடைசியில் வகுப்பு ஆசிரியையிடம் சொன்னேன். “கண்டுக்காதம்மா, படிப்பப் பாரு” என்றார். அன்று மாலை அம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, பத்தாவதுக்குப் போகமாட்டேன், கருவாடு காயப்போட வருகிறேன் என்றேன்.

“வா, வேல கெடக்கு. ஆனா அவளுவ சொல்லித்தான் வரணுமா?” என்றார் அம்மா.

என் படிப்பை அவளுகளா முடிவு செய்வது என்று எனக்குக் கோபம் வந்தது. மறுநாள் பஸ்ஸில் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். எல்லோரும் சிரிக்கவில்லை. அதுவரை அது எனக்குத் தெரியவே தெரியாது. என் வகுப்பிலேயே படிக்கும் ஒருத்தி கம்பியைப் பிடித்தபடி தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏய், பையக் குடு” என்றேன்.

முழித்தாள்.

“குடுடி. தோள் வலிக்கல?”

கொடுத்துவிட்டாள். உடனே, என்னைக் கருவாடு என்றவள் கத்தினாள். “போச்சு, இனிமே நீயும் கருவாடு!”

பை கொடுத்தவள் திரும்பினாள். “ஒங்க வீட்டுல மீன் கொழம்பு வச்சா நாலு கரண்டி ஊத்திக்கிறல்ல, அப்ப நாறலயா?”

இந்தத் தடவை பஸ் சிரித்தது கத்தியவளைப் பார்த்து.

அன்றே நாங்கள் இருவரும் தலைமையாசிரியையிடம் போனோம். தனியாகப் போனபோது என்னிடம் “கண்டுக்காதே” என்றார்கள். சாட்சியோடு போனபோது உட்காரச் சொல்லிக் கேட்டார்கள். கேலி செய்தவளைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். கேலி உடனே நிற்கவில்லை, அடங்க இரண்டு மாதம் ஆனது.

ஆகவே, ஒருவர் கேட்காவிட்டால் அடுத்தவரிடம் சொல்லுங்கள். கூட்டத்தில் சிரிக்காத ஆள் யாரென்று தேடுங்கள். அந்த ஆள் தானாக வரும் என்று காத்திருக்காதீர்கள், பயந்துபோய் நிற்கும். நீங்களே கூப்பிடுங்கள்.

ஜூனில் பத்தாம் வகுப்புக்குப் போனேன். முதல் நாளே எனக்கும் அன்று பை கொடுத்தவளுக்கும் சண்டை, ஃபேனுக்குக் கீழே யார் உட்காருவது என்று. நான்தான் உட்கார்ந்தேன்.