அஞ்சலை அக்காவின் விரல்

சென்னையிலிருந்து வந்த ரிப்போர்ட்டில் நாற்பத்தொரு வரிகள் இருந்தன. ஒவ்வொரு வரியிலும் படத்தின் எந்த நொடி என்று சொல்லும் ஒரு டைம்கோடு, அதன் பக்கத்தில் ஒரு பிழை. கீழே பெரிய எழுத்தில் 'ரிஜெக்ட்'.

பெரம்பலூரில் ஒரு கல்யாண வீடியோ ஸ்டுடியோவில் நான் எடிட்டராகச் சேர்ந்து அப்போது எட்டு மாதம். திருச்சியில் விஷுவல் கம்யூனிகேஷன் படித்திருந்தேன். எங்கள் ஸ்டுடியோ முதன்முதலாக ஒரு டிவி சேனலுக்குச் செய்து கொடுத்த அரை மணி நேர நிகழ்ச்சி அது. குரும்பலூர்ப் பக்கம் சின்ன வெங்காயம் அரியும் பெண்களைப் பற்றியது.

ஸ்டுடியோ முதலாளி சேகர் அண்ணன் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "இத்தன வருசத்துல ஒரு மாப்ள வூட்டுக்காரன்கூட இப்படிக் குத்தம் சொன்னதில்லம்மா" என்றார்.

வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்குள் சரியான ஃபைல் போய்ச் சேர வேண்டும். இல்லையென்றால் ஞாயிற்றுக்கிழமை நேரம் வேறு நிகழ்ச்சிக்குப் போய்விடும். அன்று செவ்வாய்.

1. நாற்பத்தொன்றைப் பிரித்தது

பட்டியலைப் பார்த்துப் பதறுவதில் பயனில்லை என்பதால் அதை வகைவாரியாகப் பிரித்தேன். ஐந்து வரி, பாட்டின் சத்தம் அளவுக்கு மேல். நான்கு வரி, பெயர் எழுத்துகள் திரையின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தன. மிச்சம் முப்பத்திரண்டும் ஒரே பிழை: வெள்ளை அதிகம்.

ஸ்கோப் என்ற கருவியில் படத்தின் வெளிச்சத்தை வரைபடமாகப் பார்க்கலாம். பூஜ்யம் என்றால் கறுப்பு, நூறு என்றால் வெள்ளை. நூறு என்ற கோட்டைத் தாண்டினால் சேனல் ஏற்காது. எங்கள் படம் நூற்றெட்டில் நின்றது.

காரணம் தேட வேண்டியிருக்கவில்லை. எங்கள் ஸ்டுடியோவில் எல்லா ஷாட்டுக்கும் முகத்தை வெளுப்பாக்கும் ஒரு செட்டிங் போடுவோம். அதற்குச் சேகர் அண்ணன் வைத்த பெயர் 'கலர் ஏத்து'. பெண்ணும் மாப்பிள்ளையும் சிவப்பாகத் தெரிந்தால்தான் அடுத்த கல்யாணம் எங்களுக்கு வரும். வெங்காயப் பெண்களுக்கும் அதையே போட்டிருந்தார்.

சத்தத்தைக் குறைத்தேன். எழுத்துகளை உள்ளே தள்ளினேன். நூறைத் தாண்டிய எல்லாவற்றையும் தடுக்கும் லிமிட்டரை மொத்தப் படத்துக்கும் போட்டு, புதன்கிழமை அனுப்பிவிட்டேன். சுலபமாக முடிந்ததே என்று நினைத்தேன். என் தவறு அதுதான்.

2. மெஷின் விட்டது, மேடம் விடவில்லை

வியாழன் மதியம் சேனலிலிருந்து போன். ஃபைல்களைச் சோதிக்கும் பிரிவில் இருக்கும் ஒரு பெண்.

"லிமிட்டர் போட்டு அமுக்கிட்டீங்களா?"

"ஆமாங்க மேடம்."

"மெஷின் பாஸ் போட்டுடுச்சு. நான் போட மாட்டேன். நடுவுல ஒரு அம்மா பேசுறாங்களே, அவங்க முகத்தப் பாருங்க. நெத்தி, மூக்கு, கன்னம் எல்லாம் ஒரே தகடா இருக்கு. நாளைக்கு நாலு மணி. அதுக்கு மேல என் கையில இல்ல."

பார்த்தேன். அவர் சொன்னது சரி. லிமிட்டர் தாண்டியதை வெட்டும். அழிந்துபோனதைத் திருப்பித் தராது. 'கலர் ஏத்து' போடாத ஒரிஜினல் வேண்டும். ஹார்டு டிஸ்கிலும் கேமரா கார்டுகளிலும் தேடினேன். எல்லாம் இருந்தது. மேடம் சொன்ன அந்த அம்மா, அஞ்சலை அக்காவின் பேட்டி மட்டும் இல்லை.

"அண்ணே, அந்தப் பேட்டி ஒரிஜினல் எங்க?"

"வரதராஜன்பேட்டை கல்யாணத்துக்குக் கார்டு பத்தல. அதான் ஃபைனல் எடுத்தாச்சேன்னு அழிச்சிட்டேன்."

முகூர்த்த நாள் நெருங்கினால் கார்டைக் காலி செய்வது கல்யாண ஸ்டுடியோ வழக்கம். அவரைக் குறை சொல்லி நேரம் போக்கவில்லை.

"திரும்ப எடுக்கணும்ணே."

"வேணாம்மா. பேட்டியத் தூக்கிட்டு வெங்காயத்தையும் பாட்டையும் போட்டு நிரப்பு."

"அவங்க இல்லாட்டி நிகழ்ச்சியே இல்லண்ணே. காலைல ஏழு மணிக்குப் போனா பத்து மணிக்குள்ள திரும்பிடுவேன்."

கேமராவைக் கொடுத்தார். "லைட்டு எடுத்துக்கலயா?" என்றார்.

"வேணாம்ணே."

3. பட்டறை நிழலில்

வெங்காயத்தைச் சேமித்து வைக்கும் பட்டறை ஓரத்தில் ஆறு பெண்கள் உட்கார்ந்து வெங்காயத் தாளை அரிந்துகொண்டிருந்தார்கள். அஞ்சலை அக்கா சேலைக்கு மேல் கணவரின் வெள்ளைச் சட்டையைப் போட்டிருந்தார்.

"ஏம்மா, அன்னிக்குத்தான் அவ்ளோ பேசுனேன். மறுபடியுமா?"

பக்கத்திலிருந்தவர், "ஒனக்குப் பவுடரு பத்தலயாம்க்கா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

நான் உண்மையைச் சொன்னேன். "உங்க மேல தப்பு இல்லக்கா. நாங்கதான் உங்கள வெள்ளையாக்கிக் கெடுத்துட்டோம்."

"யாரக் கேட்டு ஆக்குனீங்க?" என்றார். கோபமா கேலியா என்று தெரியவில்லை. "அன்னிக்கு ஒங்கண்ணன் மூஞ்சியிலயே லைட்ட அடிச்சாரு. கண்ணு கூசிப்போயி என்ன பேசுனேன்னே தெரியல. சரி, ஒக்காரு. ஆனா வேலைய நிறுத்த மாட்டேன்."

வெளிச்சம் மிகும் இடத்தில் கேமரா திரையில் கோடு கோடாகக் காட்டும். அவர் சட்டைத் தோளில் கோடுகள் வந்தன. "ஒரு சாண் உள்ள தள்ளி ஒக்காருங்கக்கா" என்றேன். கோடுகள் மறைந்தன. முகத்தில் ஒவ்வொரு சுருக்கமும் தனித்தனியாகத் தெரிந்தது.

அவர் அரிந்துகொண்டே பேசினார். "வெங்காயம்னா கண்ணு எரியும்னு எல்லாரும் கேக்குறாங்க. மொத வருசம் எரியும், அப்பறம் பழகிப்போயிடும். வெரலுதான் பழகாது. இந்தா பாரு." ஆள்காட்டி விரலைக் கேமராவுக்கு நேராக நீட்டினார். குறுக்கும் நெடுக்குமாக ஆறிய வெட்டுக்காயங்கள். முந்தைய பேட்டியிலும் அதே விரலை நீட்டியிருந்தார். அதில் ஒரு கோடுகூடத் தெரிந்திருக்கவில்லை.

4. வெள்ளிக்கிழமை

பத்தே காலுக்கு உட்கார்ந்தேன். ஒவ்வொரு ஷாட்டிலும் 'கலர் ஏத்து' எடுத்து, ஸ்கோப்பைப் பார்த்துக் கையால் சரிசெய்தேன். லிமிட்டரைக் கடைசியில் ஒரு வேலியாக மட்டும் வைத்தேன். ஃபைலை எடுத்த பிறகு முழு அரை மணி நேரமும் உட்கார்ந்து பார்த்தேன். சேகர் அண்ணன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு பின்னால் நின்றார். மூன்று முப்பத்தைந்துக்கு ஃபைல் போய்ச் சேர்ந்தது.

மறுநாள் வந்த ரிப்போர்ட்டில் பிழை வரி எதுவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சி முடிந்த ஐந்தாவது நிமிடம் அஞ்சலை அக்கா போன் செய்தார். "பாத்தேம்மா. நான் நானாத்தான் இருந்தேன். வெரலு நல்லாத் தெரிஞ்சிச்சு" என்றார்.

அதன் பிறகு டிவிக்குப் பல நிகழ்ச்சிகள் அனுப்பிவிட்டோம். அனுப்பும் முன் பார்க்க வேண்டியவை என்று என் மேசைக்கு மேலே ஒரு பட்டியல் ஒட்டியிருக்கிறேன். முதல் வரி சேகர் அண்ணன் கையெழுத்தில்: 'கார்டை அழிக்கும் முன் கேட்கவும்.' அதன் கீழே வெளிச்சம், சத்தம், எழுத்து எல்லாம் வரிசையாக இருக்கும். கடைசி வரி நான் எழுதியது: 'விரல் தெரிகிறதா?'

புதிதாகச் சேருகிறவர்கள் அது என்னவென்று கேட்பார்கள். இரண்டு பேட்டிகளையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டுக் காட்டுவேன். பிறகு அவர்கள் கேட்பதில்லை.