மூன்றாவது டின்

வடம்வலி என்கிற கயிறு இழுக்கும் போட்டியில் பலத்தைப் பார்ப்பதற்கு முன் எடையைப் பார்ப்பார்கள். எங்கள் பக்கத்துப் போட்டியில் ஏழு பேரையும் கூட்டினால் நானூற்று ஐம்பத்தைந்து கிலோவுக்கு மேல் போகக்கூடாது. இது எங்கள் ஊரில் நடக்கத் தெரிந்த பிள்ளைக்குக்கூடத் தெரியும். தெரிந்தும் நாங்கள் செய்த கோமாளித்தனத்தைத்தான் சொல்ல வருகிறேன்.

கேரள எல்லையில் வெள்ளறடைக்குப் பக்கத்தில் எங்கள் கிளப். நான் காட்டாக்கடையில் ஒரு செல்போன் ரிப்பேர் கடையில் வேலை பார்க்கிறேன். மூன்று ஓணமாக வெளியே நின்று கைதட்டிய என்னைப் போன வருடம்தான் கடைசி ஆளாக, வடத்தை உடம்பில் சுற்றிக்கொண்டு நிற்கிறவனாக, அணியில் சேர்த்தார்கள். பனச்சமூட்டில் போட்டி. அம்மாவும் பார்க்க வருகிறேன் என்று சொல்லிவிட்டாள். அங்கன்வாடி டீச்சரான அவள், அதுவரை எங்கள் கிளப் ஆட்டம் எதையும் வந்து பார்த்ததில்லை. அன்றைக்கு எப்படியாவது அவள் கண்முன்னால் இழுத்துவிட வேண்டும். வேறு எதுவும் எனக்கு முக்கியமாகப் படவில்லை.

டின்னில் வருகிற எனர்ஜி பானத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். எங்கள் ஏழு பேருக்கும் அது இல்லாமல் ஒரு நாள் போகாது. ரப்பர் வெட்டுகிறவன் விடியுமுன் எழ வேண்டும் என்று குடித்தான். அரசாங்கப் பரீட்சைக்குப் படிக்கிறவன் படிக்கும்போது தூக்கம் வருகிறது என்று குடித்தான். ஆட்டோ ஓட்டுகிறவன் நாங்கள் குடிக்கிறோமே என்று குடித்தான். என்னைக் கேட்டால், ஜங்ஷனில் டீ கிளாஸோடு நிற்கிறவனைப் பார்த்து வேலை வெட்டி இல்லையா என்று கேட்பார்கள். டின்னோடு நின்றால், பாவம் ஓய்வில்லாமல் உழைக்கிறான் போல என்று நினைப்பார்கள். ருசி என்னவோ இருமல் மருந்து ருசிதான்.

போட்டியன்று காலையில் ரப்பர் ஷீட் வாங்கும் கடைத் தராசில் ஒவ்வொருவராக ஏறிப் பார்த்தோம். கூட்டினால் வரம்புக்கு ஒன்றரைக் கிலோ குறைவு. எடை கூடிவிடும் என்று ஓணச் சாப்பாட்டைக்கூட ஒருவரும் தொடவில்லை. வீட்டில் அடப்பிரதமன் பாயச வாசனை வந்தபோது நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு வெளியேறினேன்.

மைதானத்தில் எடை போட அழைக்க நேரமாயிற்று. பசி ஒரு பக்கம், எதிர் அணியின் தொடைகள் ஒரு பக்கம். எங்களில் ஒருவன் போய் ஒரு பெட்டி டின் வாங்கி வந்தான். ஆளுக்கு இரண்டு குடித்தோம். மூன்றாவதை ஆட்டத்துக்குப் பிறகு குடிக்கலாம் என்று என் பையில் போட்டு, பையை அம்மாவிடம் கொடுத்தேன். சோற்றுக்கு எடை உண்டு, டின்னுக்கு எடை இல்லை என்று ஏழு பேரில் ஒருவன்கூட யோசிக்காமல் நம்பியதுதான் ஆச்சரியம்.

நடுவர் எங்களை ஒவ்வொருவராகத் தராசில் ஏற்றிக் கூட்டிப் பார்த்தார். இரண்டு கிலோ அதிகம். அரை மணி நேரம் தருகிறேன், இல்லையென்றால் கனமான ஆளை மாற்றுங்கள் என்று மலையாளத்தில் சொல்லிவிட்டுப் போனார். கனமான ஆள் நான். மற்ற ஆறு முகமும் என் பக்கம் திரும்பியதும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

விஷயத்தைக் கேட்ட அம்மா பதறவில்லை. மாதாமாதம் பிள்ளைகளை எடை போடுகிறவள். அத்தனை பேர் முன்னாலும் சொன்னாள்: "எலே, எல்லாவனும் போய் ஒண்ணுக்கு இருந்துட்டு வாங்க மக்கா. பொறவு ஓடுங்க."

ரப்பர் தோட்டத்துக்குள் வரிசையாக நின்றோம். அந்தப் பானத்துக்கு அந்தக் குணம் தாராளமாக உண்டு, குடித்ததில் பாதி அங்கேயே போயிற்று. பிறகு மைதானத்தைச் சுற்றி ஓடினோம். திரும்பவும் ஏறினால் இன்னும் இருநூறு கிராம் அதிகம். அம்மாவின் பார்வை எங்கள் தலைக்குப் போயிற்று. மூன்று பேர் தோள்வரை முடி வளர்த்திருந்தோம். அத்தப்பூக் கோலம் போட வந்த பிள்ளைகளுக்குப் பூ நறுக்கிக்கொடுத்த கத்திரிக்கோல் அவள் பையிலேயே இருந்தது. இரண்டு வருடமாக வெட்டு வெட்டு என்று கெஞ்சியவள், அன்றைக்கு மூன்று தலையையும் மூன்று நிமிடத்தில் முடித்தாள். வியர்வையில் ஊறிய முடி கனமாகத்தான் விழுந்தது. தராசு சரியாக நானூற்று ஐம்பத்தைந்து காட்டியது. ஜெயித்தவர்களைப் போலக் குதித்தோம்.

அதற்குப் பிறகு ஜெயிக்கவில்லை. கை கால் துடிதுடித்து, விசில் வருமுன்பே இரண்டு முறை இழுத்து எச்சரிக்கை வாங்கினோம். விசில் வந்தபின் இழுத்ததில், ஒரு டின் குடிக்கிற நேரத்துக்குள் இரண்டு சுற்றும் தோற்றோம். வடம் விலாவை அறுத்தது. ஆனால் நான் இழுத்தேன். அதில் எனக்கு வந்த சந்தோஷத்தை மறைக்கவே முடியவில்லை.

திரும்பும் பஸ்ஸில் அம்மா வாய் ஓயாமல் பேசினாள். நடுவரைப் பற்றி, எதிர் அணியின் தொடைகளைப் பற்றி, என் புதுத் தலையைப் பற்றி. இயல்பாக அதிகம் பேசாதவள். என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"உனக்க பைல ஒரு டின்னு கிடந்துதுல்லா. நீ வடத்தச் சுத்திட்டு நிக்கியத பாத்ததும் எனக்கு பயந்து தொண்டை காஞ்சு போச்சு. எடுத்துக் குடிச்சிட்டேன்."

"முழுசுமா?"

"முழுசும் ஆக்கும். நீ என்னத்துக்கு குடிச்ச?"

பசிக்கு, தூக்கத்துக்கு, கெத்துக்கு என்று ஏதாவது சொல்லியிருக்கலாம். எனக்கும் பயமாகத்தான் இருந்தது என்றேன். அவள் வலது கையை நீட்டிக் காட்டினாள், நடுங்கியது. நான் என் கையை அதன் பக்கத்தில் நீட்டினேன், அதுவும் நடுங்கியது. வெள்ளறடையில் இறங்கும்வரை இரண்டு கையையும் பார்த்துப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தோம்.