கொஞ்சம் மேலே

எல்கடுவ மலையில் நிலநடுக்கக் கருவி வைத்திருந்த அறைக்கு அவர்தான் காவல். நரைத்த தாடி, வெறுங்கால். மண்ணில் மிக மெதுவாக அடி வைப்பார். காலடிகூடக் கருவியில் பதியும் என்று ஆய்வுக்கு வந்த நாங்கள் சொன்னதால்தான் என்று நினைத்திருந்தேன்.

"இதுல என்னங்க சேர் தெரியும்?" என்று ஒருநாள் கேட்டார்.

"எங்கேயோ பூமி அதிர்ந்தா, அந்த அலை மண்ணுக்குள்ளால இங்க வரும் அண்ணே. அத வச்சு பல மைல் ஆழத்தப் படமா பாக்கலாம்."

எதிர்ச் சரிவைப் பார்த்தார். போன மழையின் மண்சரிவில் அவர் மனைவி, பிள்ளைகளோடு தேயிலைத் தோட்டத்து லயத்து வீடு புதைந்த இடம். உடல்கள் கிடைக்கவில்லை.

"அவ்வளவு ஆழம் வேணாங்க. கொஞ்சம் மேல தெரியாதுங்களா?"

"தெரியாது அண்ணே."

தலையாட்டிவிட்டு அந்தச் சரிவுக்கு நடந்தார். கருவி வெகுதூரத்தில் இருந்தது. அங்கே அவர் இன்னும் மெதுவாக அடி வைத்தார்.