நாலு மணிக்கு ஒரு சால்தேன்யா

பெர்பெத்துவா தெராசாஸின் கடைக்கு விளம்பரப் பலகை கிடையாது. பதினொன்றரை மணிவாக்கில் கதவில் தொங்கும் "முடிந்துவிட்டது" என்ற அட்டைதான் விளம்பரம். கோச்சபாம்பா நகரில் அந்த அட்டையை எவ்வளவு சீக்கிரம் மாட்டுகிறார்களோ அவ்வளவுக்கு அந்தக் கடைக்கு மதிப்பு.

சால்தேன்யா காலையில் மட்டுமே தின்கிற பண்டம், பார்வைக்குச் சோமாசி மாதிரி இருக்கும். உள்ளே கோழிக்கறியும் உருளைக்கிழங்கும் சுடச்சுடக் குழம்பில் மிதக்கும். நின்றபடி நுனியைக் கடித்து, குழம்பை உறிஞ்சி, சட்டையில் ஒரு சொட்டு விழாமல் தின்று முடிக்க வேண்டும். சிந்தியவர், கூட வந்தவர்களுக்கும் சேர்த்துக் காசு கொடுப்பது வழக்கம். நீதிமன்ற வக்கீல்களும் குமாஸ்தாக்களும் பத்து மணிக்கே வழக்குக் கட்டுகளை மூடி வைத்துவிட்டு பெர்பெத்துவாவின் வாசலில் வரிசை கட்டுவார்கள். எதிர்ச் சாரியில் இதே பண்டம் விற்கும் சுல்மாவிடம் போகிறவர்கள், இங்கே நின்று கால் கடுத்தவர்கள். பெர்பெத்துவாவுக்குச் சொத்தென்று இருந்தது அந்த வரிசைதான். அடுப்புகூட மைத்துனருடையது.

இந்த நிலையில் சிறுவணிகர்களுக்கான பயிற்சிக்குப் போனார். பாடம் நடத்தியவர் குரோவர் என்ற இளைஞர். இஸ்திரி கலையாத சட்டை, இனிமையான குரல். தினமும் எத்தனை பேரைத் திருப்பி அனுப்புகிறீர்கள் என்று அவர் கேட்டதும் பெர்பெத்துவா பெருமையாகக் கை தூக்கி, எண்ணியதில்லை, ஏராளம் என்றார். குரோவர் தலையில் கை வைத்துக்கொண்டார். திரும்பிப் போகிறவர் ஒவ்வொருவரும் கைவிட்டுப் போன வியாபாரம் என்று விளக்கினார். அதன்பிறகும் ஏதோ சொன்னார். பெர்பெத்துவா அதற்குள் இரண்டாவது அடுப்பை எந்த மூலையில் போடலாம் என்ற யோசனையில் இறங்கிவிட்டார்.

திங்கட்கிழமை இருமடங்கு மாவு பிசையச் சொன்னார். பிசைகிறவர் கணவர் நெமேசியோ, ஓய்வுபெற்ற பஸ் டிரைவர்.

"மத்தியானத்துக்கு மேல இத யாரு திம்பா, பெர்பே?"

"பசிக்கிறவன் திம்பான்."

"பசிக்கிறவன் சூப்பு குடிப்பான்."

அதுதான் நடந்தது. சாயங்காலம் வரை கடை திறந்திருந்தது. சில்லறை கேட்டு ஒருவர் வந்தார், வழி கேட்டு ஒருவர் வந்தார். கண்ணாடிப் பெட்டிக்குள் நாலு மணிக்குச் சால்தேன்யா இருப்பதை, கல்யாண வீட்டில் எல்லாரும் போன பிறகும் உட்கார்ந்திருக்கும் விருந்தாளியைப் பார்ப்பதுபோல் ஊர் பார்த்தது. பஸ்ஸுக்கு நிற்பவர்கள் காதில் விழும்படி சுல்மா அக்கறையாக, உடம்பு சரியில்லையா, கோழி ஏதும் கெட்டுப்போச்சா என்று விசாரித்தார்.

இதையெல்லாம் பெர்பெத்துவா தாங்கிக்கொண்டிருப்பார். ஆனால் அந்த வாரமே ஒருநாள் காலையில், வருஷக்கணக்காக வருகிற குமாஸ்தா ஒருவர் தட்டைக் கையில் வாங்கிக்கொண்டு, வாடிக்கைக் கடைக்காரியை எல்லாரும் கூப்பிடுகிறபடி 'கசேரா' என்று கூப்பிட்டு, மெதுவாகக் கேட்டார்.

"கசேரா, கோவிச்சுக்காத. இது இன்னிக்குச் சுட்டதா, நேத்து சாயங்காலத்துதா?"

பின்னால் நின்றவர்களுக்கும் அது கேட்டது. ஒவ்வொருவராக ஏதோ நினைவு வந்தவர்களைப்போல் சாலையைக் கடந்தார்கள். மாதக் கடைசியில் வரிசை என்று சொல்ல ஆளே இல்லை.

பெர்பெத்துவா ஆள் விட்டு குரோவரை வரவழைத்தார். அவர் வந்து சேர்ந்தபோது மணி நாலு. பெர்பெத்துவா சூடாக ஒன்றைத் தட்டில் வைத்து, பக்கத்தில் மிளகாய்ச் சட்னியும் வைத்து நீட்டினார். குரோவர் தட்டைப் பார்த்தார், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"இப்பவா?"

"ஏன், இப்ப என்ன?"

"இல்ல, நாலு மணி ஆச்சே. வயித்துக்கு ஆகாது."

தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்த நெமேசியோ குழாயை மூடிவிட்டுத் திரும்பினார்.

"சாயங்காலமும் விக்கச் சொன்னது நீங்கதானே?" என்றார் பெர்பெத்துவா.

"விக்கலாம்னு சொன்னேன், அம்மா. நான் சாப்பிடுவேன்னு சொல்லலையே."

முதலில் வாடிக்கையாளர்களைக் கேட்டுப் பார்க்கவும் சொல்லியிருந்தாராம். அதை பெர்பெத்துவா மறுக்கவில்லை. காலையில் எங்கே சாப்பிடுகிறார் என்று மட்டும் கேட்டார். குரோவரின் காது சிவந்தது.

"எதிர்லதான். உங்க வரிசையில நின்னா ஆபீசுக்கு நேரமாயிடும்."

"இப்பதான் வரிசையே இல்லையே."

"இல்லைன்னுதான் வர்றதில்ல."

பெர்பெத்துவா அந்தப் பதிலை வெகுநேரம் மென்றார். மறுநாள் ஒன்பதரைக்கே, தட்டுகள் நிறைந்திருக்கும்போதே, அட்டையைக் கதவில் மாட்டினார். பத்து மணிக்கு எதிர்க்கடைக்குப் போய்க்கொண்டிருந்த வக்கீல் ஒருவர் அதைப் படித்துவிட்டு நின்றார். இவ்வளவு சீக்கிரமாகவா என்றார். கூட்டம் அப்படி என்று பெர்பெத்துவா முகம் மாறாமல் சொன்னார். ஒரு மாதமாக எட்டிப்பார்க்காத மனிதருக்குத் தன்னை ஏமாற்றிவிட்டதாகக் கோபம் வந்துவிட்டது. அடுத்த நாள் ஒன்பது மணிக்கே நண்பர்களோடு வந்தார்.

வரிசை முளைவிட்டது. ஆனால் உள்ளே மிஞ்சியதை யாராவது ஒழித்தாக வேண்டும். அந்தப் பொறுப்பு நெமேசியோவுடையது. காலையில் தின்றார், மத்தியானம் சூப்போடு தின்றார், சாயங்காலமும், வயிற்றுக்கு ஆகாது என்று தெரிந்தே தின்றார். கடைசியில் ஒருநாள் கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"பெர்பே, நான் வேணா வெளிய போய் வரிசையில நிக்கிறேன். அப்பவாவது என்கிட்டயும் முடிஞ்சுபோச்சுன்னு சொல்லி அனுப்புவியா?"

அதற்கு அவசியம் வரவில்லை. வெள்ளிக்கிழமை கடைசி சால்தேன்யாவுக்காக இரண்டு வக்கீல்கள் வாசலிலேயே வாதாடினார்கள். தோற்றவர் மேல்முறையீட்டுக்கு நெமேசியோவிடம் வந்தார். தன் பங்காக எடுத்து வைத்திருந்த ஒன்றை, பெர்பெத்துவா திரும்புவதற்குள் நெமேசியோ அவர் கையில் திணித்து, சீக்கிரம் போய்விடச் சொன்னார்.